பழைய டிஜிட்டல் கேமராவில் அகச்சிவப்பு ஒளிப்படம்: வடிகட்டி போதுமா, கேமராவையே மாற்ற வேண்டுமா?

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2004-இல் வெளிவந்த நிக்கான் டி70 ஒன்று பயன்பாடின்றி அலமாரியில் இருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரு மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவும், அதற்கு முன் வைத்திருந்த இன்னொரு பழைய மிரர்லெஸ் கேமராவும் உள்ளன. மரங்களையும் ஏரிகளையும் அகச்சிவப்பு ஒளியில் படம்பிடிக்க வேண்டும் என்று வெகுநாளாக விருப்பம். லென்ஸின் முன்னால் 720 நானோமீட்டர் வடிகட்டியைப் பொருத்தினாலே போதும் என்று சிலரும், கேமராவைத் திறந்து உள்ளிருக்கும் வடிகட்டியை அகற்றினால்தான் பயன் என்று வேறு சிலரும் கூறுகின்றனர். மாற்றுவதாக இருந்தால் 590, 665, 720, 850 ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒருமுறை மாற்றிய கேமராவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதன்று என்பதால், முடிவெடுக்கும் முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மலைமுகடு எழுதியது:

வணக்கம் நெய்தல். முதலில் எதைப் படம்பிடிக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். எந்த எண் என்பது அதிலிருந்து தானாகவே வரும்.

கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் சிலிக்கானால் ஆனது. நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை காண்கிறது. சிலிக்கானோ சுமார் 1100 நானோமீட்டர் வரை ஒளியை உணரும். இந்தக் கூடுதல் உணர்வு வண்ணங்களைக் கெடுத்துவிடும் என்பதால், சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை உற்பத்தியாளர்கள் வைக்கின்றனர். அந்தத் தடை எவ்வளவு வலுவானது என்பது கேமராவுக்குக் கேமரா வேறுபடும். 2006-இல் வந்த லைக்கா எம்8-இல் அது மெல்லியதாக இருந்ததால், செயற்கை இழையால் நெய்த கறுப்பு ஆடைகள் கருஞ்சிவப்பாகப் பதிவாகின; லென்ஸின் முன் பொருத்தும் தடுப்பு வடிகட்டிகளை அந்நிறுவனம் உரிமையாளர்களுக்கு விலையின்றி வழங்க வேண்டியதாயிற்று. வண்ணப் படத்துக்குக் குறையாக இருந்த அதே பண்பு நமக்கு வரமாகும். உங்கள் டி70-உம் அத்தகைய மெல்லிய தடை கொண்டதுதான்.

ஆகவே அதைத் திறக்காமலேயே தொடங்கலாம். ஹோயா ஆர்72 போன்ற 720 நானோமீட்டர் வடிகட்டியை வாங்கி, முக்காலியில் நிறுத்தி, நல்ல வெயிலில் எடுத்துப் பாருங்கள். பிற்காலக் கேமராக்களில் இதே படத்துக்குப் பல விநாடிகள் திறந்து வைக்க வேண்டியிருக்கும்; டி70-இல் ஒன்றிரண்டு விநாடிகளுக்குள் முடிந்துவிடும். வடிகட்டி கண்ணுக்கு ஏறத்தாழக் கறுப்பாகவே தெரிவதால், வ்யூஃபைண்டரில் எதுவும் புலப்படாது. எனவே சட்டகத்தையும் குவியத்தையும் முதலில் அமைத்துக்கொண்டு, ஆட்டோஃபோகஸை நிறுத்திவிட்டு, அதன்பின் வடிகட்டியைத் திருகுங்கள். கேமராவின் ஒளி அளவீட்டை நம்ப வேண்டாம். அது காணும் ஒளிக்காக அமைக்கப்பட்டது. முதல் படத்தை எடுத்து ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடத்தை)ப் பார்த்து, சிவப்பு வரைகோடு வலப்பக்கச் சுவரில் முட்டாத அளவுக்கு நேரத்தைக் குறைத்துக்கொள்வதே சரியான வழி.

கருவிழி எழுதியது:

மலைமுகடு கூறியதோடு உடன்படுகிறேன். ஆனால் எண்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் இங்குதான் தடுமாறுகின்றனர்.

இந்த எண்கள் ஒவ்வொன்றும், வடிகட்டி எந்த அலைநீளத்திலிருந்து ஒளியை உள்ளே விடத் தொடங்குகிறது என்பதைக் குறிப்பவை. 720 என்றால் அதற்குக் கீழான ஒளி பெரும்பாலும் தடுக்கப்படும். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற சாயப்படலங்களுள் ஒன்று இருக்கிறதல்லவா? இச்சாயங்கள் காணும் ஒளியைத்தான் பிரிக்கின்றன. அகச்சிவப்பில் அவை படிப்படியாகத் தம் வேறுபாட்டை இழந்து, 800 நானோமீட்டரைத் தாண்டியபின் மூன்றுமே ஏறத்தாழ ஒரே அளவு ஒளியை விடுகின்றன. அதனால் 850 நானோமீட்டரில் எடுத்த படத்தில் நிறம் என்பதே இராது. தூய கறுப்பு வெள்ளைதான் கிடைக்கும். 720-இல் சிவப்புப் படலம் மற்ற இரண்டையும்விட அதிகம் விடுவதால் சிறிதளவு நிற வேறுபாடு எஞ்சுகிறது. அந்த எச்சத்திலிருந்தே, சிவப்பு அலைவரிசையையும் நீல அலைவரிசையையும் இடம் மாற்றி, நீல வானமும் வெண்ணிற மரங்களும் கொண்ட படங்களை உருவாக்குகின்றனர். 590-இல் ஆரஞ்சு, சிவப்பு ஆகிய காணும் ஒளியும் சேர்ந்தே நுழைவதால் நிறங்கள் மிகுதி; இலைகள் பொன்னிறம் பெறும். 665 இரண்டுக்கும் இடைப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: 590-க்கு மாற்றிய கேமராவின் முன்னால் 720 அல்லது 850 வடிகட்டியைப் பொருத்தி மேலே செல்லலாம். 850-க்கு மாற்றிய கேமராவிலிருந்து கீழே இறங்க வழியே இல்லை. நிறத்தில் சிறிதளவேனும் ஆர்வம் உள்ளவர் 850-ஐ நிரந்தரமாகப் பொருத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வெயிலோன் எழுதியது:

ஒரு சிறு ஐயம். இலைகள் வெள்ளையாகத் தெரிவது அவை வெப்பத்தை வெளியிடுவதால்தானே? அப்படியானால் நண்பகலில் எடுக்கும் படமும் அதிகாலையில் எடுக்கும் படமும் வேறுபட வேண்டுமே?

முல்லைக்கொடி எழுதியது:

இல்லை, வெயிலோன். வெப்பப் படக்கருவிகள் பதிவு செய்வது ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்களை. அதாவது நாம் பேசும் 0.7 முதல் 1.1 மைக்ரோமீட்டர் ஒளியைவிடப் பத்து மடங்கு நீளமானவற்றை. அக்கதிர்கள் சாதாரணக் கண்ணாடி லென்ஸின் ஊடே செல்லாததால், அக்கருவிகளில் ஜெர்மேனியம் லென்ஸ்களைப் பயன்படுத்துகின்றனர். நம் கேமராவில் பதிவாவது இலையின் வெப்பமன்று. சூரியனிடமிருந்து வந்து இலையில் பட்டுத் திரும்பும் ஒளி.

பச்சையம்தான் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பதும் சரியன்று. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சுகிறது. 700 நானோமீட்டரைக் கடந்ததும் உறிஞ்சுவதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவே. அதன்பின் ஒளியைச் சிதறடிப்பது இலையின் உள்ளமைப்பு. இலையினுள் நீர் நிறைந்த செல்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்றறைகளுக்கும் இடையிலான எண்ணற்ற எல்லைகளில் ஒளி மீண்டும் மீண்டும் திசைமாறி, பெரும்பகுதி வெளியே வந்துவிடுகிறது. இலையில் பட்ட அகச்சிவப்பில் ஏறத்தாழ பாதி திரும்பி வருகிறது என்று கொள்ளலாம். காணும் பச்சை ஒளியில் அவ்வாறு திரும்புவது பத்தில் ஒன்று அல்லது சற்றுக் கூடுதலே. 680 நானோமீட்டரிலிருந்து 750-க்குள் இந்த ஏற்றம் செங்குத்தாக நிகழ்கிறது. 720 வடிகட்டி அந்த ஏற்றத்தின் நடுவிலேயே அமர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-இல் வெளியிட்ட அகச்சிவப்பு நிலக்காட்சிகளில் இந்த வெண்மை தெளிவாகப் பதிவாகியிருந்தது. அதனாலேயே இவ்விளைவுக்கு அவர் பெயர் வழங்குகிறது. பின்னர் இதே பண்பு செயற்கைக்கோள் ஆய்வின் அடிப்படையாயிற்று. 1972-இல் ஏவப்பட்ட முதல் லாண்ட்சாட், 1988-இல் இந்தியா அனுப்பிய ஐஆர்எஸ்-1ஏ இரண்டிலும் சிவப்பு அலைப்பட்டையும் அண்மை அகச்சிவப்புப் பட்டையும் தனித்தனியே இருந்தன. இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரச் செழிப்பின் குறியீடு கிடைக்கிறது. பயிர் வாடும்போது இந்த எண் குறைகிறது. நீங்கள் அழகுக்காக எடுக்கும் வெண்மரமும் வேளாண் துறையினர் பார்க்கும் பயிர் வரைபடமும் ஒரே இலையின் ஒரே இயல்பிலிருந்து பிறப்பவை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

வெயிலோன் எழுதியது:

தெளிவான விளக்கத்துக்கு நன்றி. வானம் கறுத்துப் போவதற்கும் இதுபோன்றதொரு காரணம் இருக்குமா? தொலைவிலுள்ள மலைகள் அகச்சிவப்பில் தெளிவாகத் தெரிவதையும் பார்த்திருக்கிறேன்.

மலைமுகடு எழுதியது:

இரண்டுக்கும் ஒரே காரணம்தான். காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளியுடன் ஒப்பிட்டால், 800 நானோமீட்டர் ஒளி பத்தில் ஒரு பங்குதான் சிதறும். எனவே தெளிந்த வானத்திலிருந்து நம்மை நோக்கி வரும் அகச்சிவப்பு மிகக் குறைவு. வானம் இருண்டு, மேகங்கள் எடுப்பாகத் தெரிகின்றன. தொலைமலைகளை மறைக்கும் நீலப் புகைமூட்டம் மெல்லிய துகள்களால் ஆனதென்றால் அகச்சிவப்பு அதை ஊடுருவிவிடும். ஆனால் மூடுபனியின் நீர்த்துளிகள் இந்த அலைநீளங்களைவிடப் பருத்தவை. மலைச்சரிவில் மேகம் இறங்கியிருக்கும்போது எந்த வடிகட்டியும் உதவாது. இதை எதிர்பார்த்து வடிகட்டி வாங்கி ஏமாற்றமடைந்தவர்களை அறிவேன்.

நீர் அகச்சிவப்பை உறிஞ்சுகிறது. ஆகவே தெளிந்த ஏரி ஏறத்தாழக் கறுப்பாகவும், கரையிலுள்ள மரங்கள் வெண்மையாகவும் வரும். நெய்தல் கேட்டது ஏரிகளும் மரங்களும் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். நம் நண்பகல் வெயில், மற்ற ஒளிப்படக்காரர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிடும் நேரம். அகச்சிவப்புக்கோ அதுவே மிகச் சிறந்த வேளை.

நெய்தல் எழுதியது:

இவ்வளவு தெளிவான பதில்களுக்கு நன்றி. அடுத்த ஐயம் குவியம் பற்றியது. டி70-இல் திரையில் நேரடியாகப் பார்த்துக் குவிக்கும் வசதி இல்லை. வடிகட்டி இல்லாமல் குவித்துவிட்டு எடுத்தால் படம் கூர்மையாக வருமா? படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் ஒன்று தோன்றும் என்றும் படித்தேன்.

கருவிழி எழுதியது:

கண்ணாடியின் ஒளிவிலகல் அலைநீளத்துடன் மாறுவதால், அகச்சிவப்பு காணும் ஒளியைவிடச் சற்றுப் பின்னால் குவிகிறது. பழைய கையியக்க லென்ஸ்களின் தொலைவு அளவுகோலில் சிவப்புப் புள்ளியோ சிறு கோடோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த நகர்வை ஈடுசெய்வதற்கானது. காணும் ஒளியில் குவித்தபின் அந்தத் தொலைவை அக்குறிக்கு நகர்த்த வேண்டும். இப்போதைய லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் அக்குறி இல்லை. டி70 போன்ற எஸ்எல்ஆர் கேமராவில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி கொண்டது) குவியம் காணும் கருவி தனிப் பாதையில் இருப்பதால், உள்ளே வடிகட்டியை மாற்றினாலும் அதைத் தனியே சீரமைக்க வேண்டும். அச்சீரமைப்பும் ஒரு லென்ஸுக்குப் பொருந்தினால் மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே குவியத்தைக் காண்பதால் இச்சிக்கல் எழுவதில்லை. நிரந்தரமாக மாற்றுவதானால் அதைத்தான் மாற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே.

லென்ஸின் திறப்பை எஃப்/16 வரை (எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்) குறைத்துக் குவியப் பிழையை மறைக்கலாம் என்று சிலர் ஆலோசனை தருவர். அதை ஏற்காதீர்கள். சிறிய திறப்பின் விளிம்பில் ஒளி வளையும் விளிம்பு விலகலால் ஏற்படும் மங்கல் அலைநீளத்துடன் கூடுவதால், 850 நானோமீட்டரில் எஃப்/11 தரும் மங்கல், காணும் ஒளியில் எஃப்/16-க்கு மேல் தரும் மங்கலுக்குச் சமம். நீங்கள் குறிப்பிட்ட நடுவட்டமும் திறப்பைக் குறைக்கக் குறைக்க அழுத்தமாகும். லென்ஸின் பூச்சுகளும் குழலின் உட்புறக் கறுப்பும் காணும் ஒளியின் எதிரொளிப்பைத் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. அகச்சிவப்பில் அவை ஒளியைத் திருப்பி விடுவதால் அவ்வட்டம் உருவாகிறது. விலை உயர்ந்த லென்ஸில் அது வருவதும், கேமராவுடன் சேர்த்து விற்கும் மலிவு ஜூமில் வராமல் இருப்பதும் இயல்பே. எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை நின்றுகொள்ளுங்கள். ஒவ்வொரு லென்ஸையும் தெளிந்த வானத்தை நோக்கித் திருப்பி, ஒவ்வொரு திறப்பிலும் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

ஏட்டுக்காப்பாளர் எழுதியது:

இந்த இழையில் இதுவரை இயற்கைக் காட்சிகளைப் பற்றியே பேசப்பட்டது. 850 நானோமீட்டரைக் கருவிழி ஒதுக்கிவிட்டதால், அதற்காகப் பரிந்து பேச விரும்புகிறேன். நான் ஓலைச்சுவடிகளைப் படியெடுக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். எங்களுக்கு அகச்சிவப்பு அழகுக்கானதன்று, படிப்பதற்கானது.

ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தனியே தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்துப் பூசித் துடைத்த பின்னரே, கீறலில் தங்கிய கரி எழுத்தைக் காட்டும். காலப்போக்கில் ஓலை பழுத்து, எண்ணெய் ஏறி, கறை படிந்து கரும்பழுப்பாகிவிட்டால், கறுப்பு எழுத்து கரும்பழுப்புப் பரப்பில் மறைந்துவிடுகிறது. கரி, காணும் ஒளியை உறிஞ்சுவதைப் போலவே அகச்சிவப்பையும் உறிஞ்சும். பழுப்பேறிய ஓலையோ அகச்சிவப்பில் வெளிறிவிடும். ஆகவே கண்ணுக்குக் கலங்கித் தெரிந்த வரி, 850 நானோமீட்டரில் எழுத்தெழுத்தாகப் பிரிந்து நிற்கிறது. இது புதிய முறையன்று. 1950-களில் பண்டைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களின் கறுத்துப்போன தோல் துண்டுகளை ஒளிப்படக் கலைஞர் நஜீப் அல்பினா அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவு செய்தார். அவற்றின் மையும் கரியால் ஆனது என்பதால் எழுத்துகள் தெளிவாக வெளிப்பட்டன.

இம்முறை பயன்படாத இடங்களையும் சொல்ல வேண்டும். கரி சேர்க்காமல் வெறும் இலைச்சாற்றை மட்டும் பூசிய ஏடுகளில், அகச்சிவப்பு எழுத்தை மேலும் மங்கச் செய்துவிடும். தாவரச் சாயங்கள் அங்கே ஒளியை உறிஞ்சுவதில்லை. மையே பூசாத ஏடுகளுக்கு, பக்கவாட்டில் மிகத் தாழ்வாக ஒளியைச் செலுத்திக் கீறலின் நிழலைப் பிடிப்பதே வழி. எனவே எந்த ஏட்டையும் முதலில் சாதாரண ஒளியில் எடுத்து, பிறகு அகச்சிவப்பில் எடுத்து, இரண்டையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது ஏட்டுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். வீட்டு எல்ஈடி விளக்கில் அகச்சிவப்பு ஏறத்தாழ இல்லை. ஹாலஜன் விளக்கில் மிகுதி. ஆனால் அதன் வெப்பம் ஓலையை உலர்த்தி நொறுங்கச் செய்யும். கண்காணிப்புக் கேமராக்களுக்காக விற்கப்படும் 850 நானோமீட்டர் எல்ஈடி விளக்குகள் விலை குறைந்தவை, ஏட்டின் மீது வெப்பத்தைக் கொட்டாதவை. இருட்டறையில் அவற்றை மட்டும் ஏற்றினால் லென்ஸின் முன் வடிகட்டிகூடத் தேவையில்லை; உள்தடை நீக்கிய கேமரா மட்டும் இருந்தால் போதும்.

கருவிழி எழுதியது:

ஐயா, தங்கள் பதிவு இந்த இழைக்கே பெருமை சேர்க்கிறது. நிறம் வேண்டுவோர் 850-ஐ நிரந்தரமாக்க வேண்டாம் என்ற கருத்தில் நான் மாறவில்லை. ஆயினும் தங்களைப் போன்றோருக்கு அதுவே ஏற்றது. இரண்டும் வேண்டுமானால், உள்தடையை நீக்கி ஒளிபுகும் கண்ணாடியைப் பொருத்தும் முழுநிறமாலை மாற்றமே தீர்வாக அமையும். ஒவ்வொரு முறையும் லென்ஸின் முன் வடிகட்டி பொருத்த வேண்டும் என்பது தொல்லைதான். எஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் இருண்டும் போகும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் குறை இல்லை.

வெயிலோன் எழுதியது:

உள்ளிருக்கும் கண்ணாடியை நாமே கழற்றிவிட்டு, எதையும் பொருத்தாமல் விட்டுவிட்டால் என்ன?

மலைமுகடு எழுதியது:

குவியம் தவறிவிடும். சென்சாரின் முன் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடி இருந்தால், அது குவியத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளியிருக்கும். அதை நீக்கினால் அந்த நகர்வும் போய்விடுவதால், சில லென்ஸ்கள் தொலைவிலுள்ள பொருளின் மீது குவியவே மாட்டா. எனவே அதே ஒளியியல் தடிப்புள்ள கண்ணாடியை அங்கே வைக்க வேண்டும். அதைவிட முக்கியமானது உயிர்ப்பாதுகாப்பு: ஃப்ளாஷ் உள்ள கேமராக்களில் அதற்கான மின்தேக்கி சுமார் 300 வோல்ட் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும், பேட்டரியை அகற்றியபின்னும் அது நீடிக்கும். மின்னணுப் பழுதுபார்ப்பில் பயிற்சி இல்லாதவர்கள் கேமராவைத் திறக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். எதையும் திறக்காமல் இதைச் செய்ய விரும்புவோர் சிக்மா எஸ்டி14 போன்ற கேமராக்களைத் தேடலாம்; அவற்றில் அகச்சிவப்புத் தடை லென்ஸ் பொருத்தும் வாயிலிலேயே இருப்பதால் பயனரே எடுத்துவிட்டு மீண்டும் பொருத்தலாம்.

முல்லைக்கொடி எழுதியது:

படத்தைத் திருத்துவது பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. எப்போதும் ரா கோப்பாகவே (சென்சார் பதிவு செய்ததை மாற்றாமல் சேமிக்கும் கோப்பு) எடுங்கள். புல்வெளியையோ இலைக்கூட்டத்தையோ சட்டகம் முழுவதும் நிரப்பி, அதை வெண்மையாகக் கொள்ளும்படி வொயிட் பேலன்ஸை அமைத்தால், திரை முழுவதும் சிவப்பாகத் தெரியும் தொல்லை நீங்கும். படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் வொயிட் பேலன்ஸுக்கான வெப்பநிலை அளவுகோல் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காததால், அங்கே திறந்தவுடன் படம் மீண்டும் சிவந்துவிடும். அடோபி வழங்கும் டிஎன்ஜி புரோஃபைல் எடிட்டரில் உங்கள் கேமராவுக்கென ஒரு புரோஃபைலை (நிற அமைப்புக் கோப்பை) உருவாக்கிக்கொண்டால் அந்த எல்லை விலகும். சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றுவதை அதற்குப் பிறகு செய்யுங்கள்.

பழைய அகச்சிவப்புப் படங்களில் வெண்மரங்களைச் சுற்றித் தெரியும் மென்மையான ஒளிவட்டத்தை டிஜிட்டலில் தேடுபவர்கள் உண்டு. கோடாக் 2007-இல் நிறுத்திய எச்ஐஈ என்ற அகச்சிவப்புப் படச்சுருளில் எதிரொளிப்பைத் தடுக்கும் அடுக்கு இல்லாததால் உண்டானது அது, அகச்சிவப்பின் இயல்பன்று. மென்பொருளில் அதைச் சேர்ப்பது அவரவர் விருப்பம். எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

நெய்தல் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தபின் என் முடிவு இது. டி70-ஐத் திறக்கப் போவதில்லை. 720 வடிகட்டியுடனும் முக்காலியுடனும் அதில் தொடங்குகிறேன். ஒரு பருவம் முழுவதும் எடுத்துப் பார்த்து, ஆர்வம் நிலைத்தால் பழைய மிரர்லெஸ் கேமராவை முழுநிறமாலைக்கு மாற்றத் தருவேன். எங்கள் குடும்பத்தில் பாட்டனார் காலத்து ஏட்டுக்கட்டு ஒன்று இருக்கிறது. ஏட்டுக்காப்பாளர் ஐயாவின் பதிவைப் படித்தபின் அதையும் எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். லென்ஸ்களின் முகப்பு அளவுகள் வேறுவேறாக இருப்பதால், எந்த அளவில் வடிகட்டி வாங்குவது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மலைமுகடு எழுதியது:

உங்களிடமுள்ள லென்ஸ்களில் எதன் முகப்பு பெரிதோ அந்த அளவுக்கு ஒரே வடிகட்டியை வாங்கி, மற்றவற்றுக்கு இணைப்பு வளையங்களைப் பயன்படுத்துங்கள். அந்த வடிகட்டியைக் கண்ணருகே பிடித்துச் சூரியனைப் பார்க்க ஒருபோதும் முயல வேண்டாம். காணும் ஒளி குறைவதால் கண்மணி விரிந்துவிடும், தடையின்றி வரும் அகச்சிவப்பு விழித்திரையைச் சுட்டுவிடும்.

ஏட்டுக்காப்பாளர் எழுதியது:

நெய்தல், ஏட்டுக்கட்டை எடுக்கும் முன் கயிற்றை இழுத்து அவிழ்க்காதீர்கள். துளையருகே ஓலை நைந்திருக்கக்கூடும். ஒவ்வோர் ஏட்டையும் இரு கைகளாலும் தாங்கிச் சமதளத்தில் வைத்து, அளவுகோல் ஒன்றையும் அருகில் வைத்துப் படம் எடுங்கள். ஏடுகளின் வரிசை கலைந்துவிடாதபடி, வலப்பக்கமா இடப்பக்கமா எங்கே ஏட்டெண் இருக்கிறதோ அதுவும் சட்டகத்துக்குள் வரட்டும். முதல் சில படங்களை இங்கேயே பகிர்ந்தால், கரி பூசியதா இல்லையா என்பதைச் சேர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.